பதிவு பண்ணிக்கொள்ளுங்கள், மேயரம்மா

ஆடி 1, வியாழன்

வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி வந்து, "கவுன்சிலர் இருக்காராம்மா?" என்று கேட்டாள். "இல்ல, வெளிய போயிருக்கான்" என்றேன். சரி என்று போய்விட்டாள். அவள் தெரு திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. கவுன்சிலர் நான்தான்.

சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதற்கெல்லாம் காரணம் மண்டலத் தலைவர் கோதண்டபாணி. எங்கள் கட்சிதான், ஆனால் ஆகாதவன். எங்கள் முப்பத்தொன்றாவது வார்டைப் பெண்கள் வார்டாக்க மேலே சொல்லி வேலை பார்த்தது அவன்தான் என்று என் மகன் தனுஷ்கோடி சொல்கிறான். அதற்கு முன்னாலேயே சுவரெல்லாம் மகன் பெயரை எழுதி வைத்திருந்தோம். வார்டு பெண்களுக்குப் போனதும் அதே சுவரில் சுண்ணாம்பு அடித்து 'சீனியம்மாள்' என்று எழுதினார்கள். வெயில் அடிக்கிறபோது சுண்ணாம்புக்கு அடியில் அவன் பெயர் இன்னும் தெரியும்.

ஜெயித்தது நான். ஓடுகிறது அவன். வார்டு ஆபீஸ் நாற்காலியும் அவனுக்குத்தான். எனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. கூட்டம் நடக்கிற அன்றைக்கு மட்டும் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். நான் மேசையைத் தட்டிவிட்டு வருவேன்.

இந்த டைரி மாநகராட்சியில் கொடுத்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணிக்கொண்டுதான் வரும். ஆனால் எனக்கு மறதி கிடையாது. யார், எந்தச் சேலை கட்டிக்கொண்டு, என்ன வார்த்தை சொன்னார்கள் என்பது வரைக்கும் அப்படியே நிற்கும். எழுதினால் நெஞ்சில் பாரம் குறையும் அத்தை என்று மருமகள் ஜெயக்கொடி சொன்னாள். ஒரு பக்கம் எழுதியாகிவிட்டது. குறைகிற மாதிரித் தெரியவில்லை.

ஆடி 3, சனி

கிட்டங்கித் தெரு லைன் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அந்த வீடுகளில் கக்கூஸ் கிடையாது. தெரு முக்கில் இருக்கிற மாநகராட்சிப் பெண்கள் கழிப்பறைதான் அத்தனை பேருக்கும். வைகாசியிலிருந்து அது பூட்டிக் கிடக்கிறதாம். இட்லிக்கடை சகாயமேரிதான் பேசினாள். அவளுக்கு வாய் எப்போதும் முன்னால் வரும்.

"அம்மாச்சி, கவுன்சிலர் அண்ணன்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. கேட்டா மோட்டார் ரிப்பேரு, மோட்டார் ரிப்பேருங்கிறாரு. மோட்டாரைச் சீமைக்கா அனுப்பிருக்காரு?"

"அதுவரைக்கும் என்னடி பண்றீங்க?"

"என்ன பண்றது? விடியக்குள்ள எந்திரிச்சு தண்டவாளத்துப் பக்கம் போறோம். என் மக பதினாலு வயசுப் பிள்ளை. போன வாரம் எவனோ ஒரு நாய் செல்போன் லைட்ட அடிச்சுப் பாத்திருக்கான். பிள்ளை பாதியில எந்திரிச்சு ஓடியாந்துட்டா. அன்னையிலருந்து பள்ளிக்கூடத்துக்குப் போறவ ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேங்கிறா, அம்மாச்சி. நேத்து பிரேயர்ல மயங்கி விழுந்துட்டான்னு டீச்சர் கூட்டியாந்து விட்டுட்டுப் போறாங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. மத்தியானம் சோறு போடும்போது மகனிடம் கேட்டேன்.

"மோட்டார்தான்மா. புதுசு கேட்டு எழுதியாச்சு. கோதண்டபாணி அமுக்கி வச்சிருக்காரு."

நினைத்தேன். அவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெண்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற பயல். என் மகன் பாவம், எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவான்? இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். சரியாகச் சாப்பிடாமல் போனில் பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

ஆடி 6, செவ்வாய்

கோதண்டபாணி கடைத்தெருவில் எதிரே வந்தான். வணக்கம் வைத்தான். நான் வைக்கவில்லை.

ஆடி 8, வியாழன்

என் அறைக்குள்ளேயே கக்கூஸ் கட்டித் தந்திருக்கிறான் மகன். ஒரு வாரமாக வேலை நடந்தது, இன்றைக்குக் கோப்பை வைத்தார்கள். நாற்காலி மாதிரி உட்காருகிற ஜாதி. அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை என்று அவனாகவே நினைத்துச் செய்திருக்கிறான். எத்தனை பிள்ளைகளுக்கு இந்த மனசு வரும்?

காண்ட்ராக்டரே நேரில் நின்று வைத்தார். மாநகராட்சி வேலையெல்லாம் எடுக்கிற ஆள்.

"அம்மா, இது உசத்திச் சாமான். உக்காந்தா எந்திரிக்க மனசே வராது."

"அப்படி ஒரு நாற்காலி எங்க வார்டு ஆபீஸ்ல ஏற்கெனவே கெடக்குப்பா" என்றேன். கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். மகன் சிரிக்கவில்லை.

போகும்போது காண்ட்ராக்டர் அவனிடம், "அண்ணே, முக்குக் கடை உங்களுக்குத்தான். ஜெயக்கொடி ஸ்டோர்ஸ்னு போர்டே எழுதிறலாம்" என்றார். மகன் என்னைப் பார்த்துவிட்டு இருமினான்.

"எந்த முக்குக் கடைடா?"

"ஒண்ணுமில்லம்மா. கேலி பேசுறாரு."

கேலிதான். காண்ட்ராக்டர்கள் அப்படித்தான் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள்.

ஆடி 9, வெள்ளி

மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். போனேன். போயிருக்கக் கூடாது. அண்டா பக்கத்தில் பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தாள்.

பஞ்சவர்ணம் என் கொழுந்தன் பெண்டாட்டி. பக்கத்து முப்பத்திரண்டாவது வார்டு கவுன்சிலர். எதிர்க்கட்சி. நான் அவளோடு பேசுவதில்லை. அது கட்சிக்காக இல்லை. என் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாள், பந்தி நடக்கிறது, வாழைத்தண்டுக் கூட்டு பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். இவள் கத்தரிப்பூக் கலர் சேலை கட்டிக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி சொன்னாள்: "இவ ஒழுங்காப் பாத்திருந்தா மாமா போயிருக்க மாட்டாரு." அந்த மனுஷனுக்கு ஆஸ்பத்திரியில் பீ மூத்திரம் அள்ளினவள் நான். எட்டிப் பார்க்காதவள் இவள். அன்றைக்கு மூடின வாய், இவளிடம் இன்னும் திறக்கவில்லை. தேர்தலில் இரண்டு பேரும் ஜெயித்து, பதவி ஏற்கப் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோதும் திறக்கவில்லை.

இன்றைக்கு நான் வரிசையில் வந்ததைப் பார்த்ததும், கரண்டிக்காரனிடம், "அந்தம்மாவுக்கு வெங்காயம் ஆகாது. போடாத" என்றாள். யார் கேட்டார்கள் இவளை? வேண்டுமென்றே வெங்காயம் கேட்டு வாங்கிக் குடித்தேன். நெஞ்சு இன்னும் கரிக்கிறது.

அதோடு விட்டாளா? அண்டாவைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொல்கிறாள்: "முப்பத்தொண்ணாவது வார்டுல பொம்பளைகள்லாம் தண்டவாளத்துக்குப் போறாளுகளாம். அங்கே கவுன்சிலரும் ஒரு பொம்பளைதானாம்."

கூழைக் குடித்து முடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆடி 12, திங்கள்

பஞ்சவர்ணம் சொன்னது முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. மகனிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்துக் கிட்டங்கித் தெருவுக்குப் போனேன்.

மோட்டார் கெட்டுப்போன மாதிரி தெரியவில்லை. மோட்டாரே அங்கே இல்லை. வெளிக் கேட் பூட்டியிருக்கிறது, உள்ளே கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். சுற்றிலும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு முளை அடித்திருக்கிறது. வீடு கட்டுவதற்கு முன்னால் அடிப்பார்களே, அந்த மாதிரி.

சகாயமேரி இட்லிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"வாங்க அம்மாச்சி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"யாருடி கதவைக் கழட்டினது?"

"காண்ட்ராக்டர் ஆளுங்க. உங்க வீட்டுல புதுசு கட்டினாங்களே, அதே ஆளுங்கதான். எங்க கதவைக் கழட்டி உங்களுக்கு மாட்டினாங்களோ என்னமோ."

"நாக்கை அடக்கிப் பேசு."

"நாக்கை அடக்கிறலாம் அம்மாச்சி. மத்தது அடங்க மாட்டேங்குதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மகள் மட்டும் சிரிக்கவில்லை. சீருடையில் சுவரோரமாக நின்றாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது.

சகாயமேரிக்குத் திமிர். காண்ட்ராக்டரையும் கோதண்டபாணிதான் கைக்குள் போட்டிருப்பான். என் மகனுக்குத் தெரியாமல் நடக்கிறது இது. தெரிந்தால் சும்மா இருப்பானா?

வீட்டுக்கு வந்து புதுக் கக்கூஸில் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் பழையதற்கே போனேன்.

ஆடி 14, புதன்

கட்சி ஆபீஸில் எங்கள் உறுப்பினர்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். வெள்ளிக்கிழமை மாமன்றக் கூட்டம். யார் என்ன பேசணும், யார் பேசக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எனக்கு இதுவரை பேச்சே கிடையாது. இந்த முறை உண்டு என்றார்கள்.

விஷயம் இதுதான். கிட்டங்கித் தெருக் கழிப்பறையை இடித்துவிட்டு அந்த இடத்தில் கடைகள் கட்டப்போகிறார்கள். என் வார்டு என்பதால் தீர்மானத்தை நான் முன்மொழிய வேண்டும். கோதண்டபாணி வழிமொழிவான். மேசையைத் தட்டினால் முடிந்தது.

என் காது எரிந்தது. நேராகக் கோதண்டபாணியைப் பார்த்தேன். "உனக்கு நல்ல சாவு வருமாய்யா? அத்தனை பொம்பளைகளும் எங்கய்யா போவாளுக?" என்று கேட்டேன். மகன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

கோதண்டபாணிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, இது தம்பி கொண்டு வந்த திட்டம். மாத்து எடம் பாத்துட்டு அப்புறம் இடிப்போம்னு நான்தான் தலையால தண்ணி குடிச்சேன். தம்பி கேக்கல. உங்க பிள்ளையைக் கேளுங்க, எனக்கு ஏன் சாபம் விடுறீங்க?"

பொய் சொல்கிறான் என்று எழுதத்தான் டைரியை எடுத்தேன்.

ஆடி 15, வியாழன்

காலையில் மகன் என் முன்னால் உட்கார்ந்து வசனம் சொல்லிக் கொடுத்தான். "மாண்புமிகு மேயர் அவர்களே, எனது வார்டில் பயன்பாட்டில் இல்லாத கழிப்பறையை அகற்றி வணிக வளாகம் அமைக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். சொல்லும்மா."

"பயன்பாட்டுல இல்லையா? பூட்டினா எப்படிடா பயன்படும்?"

"அம்மா, சொல்றதைச் சொல்லு."

"முக்குக் கடை யாருக்குடா?"

அப்போதுதான் பேசினான் பாருங்கள்.

"எனக்கு வரவேண்டிய பதவிம்மா அது. நான் போஸ்டர் ஒட்டினேன், நான் அடி வாங்கினேன், நான் கொடி பிடிச்சேன். பேரு மட்டும் உனக்குப் போச்சு. கல்யாண வீட்டுக்குப் போனா 'கவுன்சிலரம்மா மகன்'னு கூப்பிடுறான். இத்தனை வருசம் நாயா அலைஞ்சதுக்கு ஒரு கடை கூடக் கூடாதா எனக்கு? உனக்கு முட்டி வலிக்குதுன்னு உள்ளயே கட்டிக் குடுத்தேன்ல? அது மட்டும் எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டியா நீ?"

"அவளுகளுக்கு முட்டி இல்லையாடா?"

"அவளுக ஓட்டைப் பாத்துக்கலாம். தேர்தல் நேரத்துல ஒரு குடம், ஒரு சேலை. நீ நாளைக்கு ரெண்டு வரியைச் சொல்லிட்டு உக்காரு. மறந்துராத."

எனக்கா மறதி?

வசனத்தை ஒருமுறை சொல்லிக் காட்டினேன். எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவன் அப்பாவுக்கும் சிரித்தால் இப்படித்தான் ஒரு பக்கம் குழி விழும். அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் எல்லாவற்றையும் கோதண்டபாணி தலையில் கட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இன்றைக்கு இதற்கு மேல் எழுதவில்லை.

ஆடி 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆடி வெள்ளி என்பதால் பெண் உறுப்பினர்கள் எல்லாரும் தலை நிறையப் பூவோடு வந்திருந்தார்கள். மன்றத்தில் பாதி நாங்கள்தான். மேலே பார்வையாளர் மாடத்தில் எங்கள் புருஷன்மார்களும் மகன்மார்களும். கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையை ஆட்டுவதற்கு முன்னால் மேலே ஒரு பார்வை பார்ப்பார்கள். என் மகன் முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான்.

மேயர் சின்ன வயசுப் பெண். கூட்டப் பொருளின் எண்ணை வாசிக்கும், கூட்டம் மேசையைத் தட்டும், நிறைவேறியது என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகும். பாதிப் பேர் கவனிப்பதில்லை. ஒருத்தி போனில் பேத்தி போட்டோ பார்த்துக்கொண்டே தட்டுகிறாள். எங்கள் பொருள் வந்தது. எழுந்து நின்றேன். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மாண்புமிகு மேயர் அவர்களே" என்றேன். அதுவரை மகன் சொல்லிக் கொடுத்தது. "கிட்டங்கித் தெருவுல பெண்கள் கழிப்பறையை இடிக்கக் கூடாது. மோட்டார் போட்டு, கதவு போட்டு, உடனே தொறந்து விடணும். இதை நான் முன்மொழியறேன்."

தட்டிவிட்டார்கள்! பழக்கதோஷம். நான் என்ன சொன்னேன் என்று காதில் வாங்காமல் எங்கள் கட்சிக்காரர்களே தடதடவென்று மேசையைத் தட்டிவிட்டார்கள். கோதண்டபாணி கூடத் தட்டினான். தட்டின கையை அப்படியே நடு மேசையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "தட்டியாச்சு! நிறைவேறியாச்சு!" என்று ஒரே கூச்சல். அப்போதுதான் மேலேயிருந்து என் மகன் குரல் கேட்டது.

"அம்மா! அது இல்ல! நான் சொல்லிக் குடுத்ததைச் சொல்லு! உக்காரும்மா!"

மன்றமே அண்ணாந்து பார்த்தது. பத்திரிகைக்காரர்கள் கேமராவை மேலே திருப்பினார்கள். மேயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் அது? யாருக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது? அவரை வெளியே அனுப்புங்க" என்றது. இரண்டு காவலர்கள் போய் என் மகனைத் தோளில் கை வைத்து எழுப்பினார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

கோதண்டபாணி எழுந்தான். "மேயர் அவர்களே, வழிமொழிய ஆள் இல்லாம இது செல்லாது" என்றான். விதி அப்படித்தான். மேயர், "முப்பத்தொன்றாவது வார்டு உறுப்பினரின் கருத்தை வழிமொழிகிறவர் யாராவது?" என்று கேட்டது.

எங்கள் வரிசையில் எல்லாரும் மடியில் இருந்த தாளைப் பார்த்தார்கள். சகாயமேரி மகளின் உதடு கண் முன்னால் வந்தது.

எதிர்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பஞ்சவர்ணம்.

"நான் வழிமொழியறேன். ஆனா அக்கா, ஒண்ணு..."

"உறுப்பினர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசக் கூடாது. எதுவானாலும் மேயரைப் பார்த்துப் பேசுங்க" என்றது மேயர்.

"சரிங்க மேயரம்மா. உங்களைப் பாத்தே பேசுறேன். அந்தம்மா வருசக்கணக்கா எங்கூடப் பேசுறதில்ல. என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுங்க."

மன்றத்தில் சிரிப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது. நானும் மேயரைப் பார்த்தே சொன்னேன்.

"மேயரம்மா, எங்க வீட்டுக்காரர் பதினாறாம் நாள் பந்தியில என்ன சொன்னாங்கன்னு அந்தம்மாவையே கேளுங்க."

"சொன்னேன் மேயரம்மா, இல்லேங்கல. அந்த மனுசன் எனக்கு அப்பா ஸ்தானம். வயித்தெரிச்சல்ல வாய் தவறிருச்சு. மறுநாளே வந்து வாசல்ல நின்னேன். கதவைத் தொறக்கல."

"மேயரம்மா, தொறக்கலைதான். இப்பவும் தொறக்க மாட்டேன். அவங்க சொன்னதை நான் மன்னிக்கலைன்னு பதிவு பண்ணிக்கச் சொல்லுங்க. கழிப்பறையைத் தொறக்க வழிமொழிஞ்சாங்கன்னும் பதிவு பண்ணிக்கச் சொல்லுங்க."

"ரெண்டையும் பதிவு பண்ணட்டும் மேயரம்மா. எனக்கு ஆட்சேபனை இல்ல" என்றாள் பஞ்சவர்ணம்.

மேயர் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு யார் முதலில் தட்டினார்கள் என்று தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு கை. அப்புறம் இன்னொன்று. எங்கள் கட்சி, அவர்கள் கட்சி என்று இல்லை, வளையல் போட்ட கைகளாகத் தட்டின. மேலே மாடத்தில் புருஷன்மார்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை ஒருத்தியும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கடைகள் கட்டுகிற பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது, அதுவரை கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று மேயர் சொன்னது. அடுத்த கூட்டம் வரைக்கும்தான். அதற்கு மேல் இல்லை.

மகன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

ஆடி 17, சனி

பேப்பரில் வந்துவிட்டது, முக்குக் கடை யார் பேருக்கு என்பது வரைக்கும். மகன் சாப்பிடவில்லை. மருமகள் நன்றாகச் சாப்பிட்டாள். "எம்பேருல கடைன்னு எனக்கே பேப்பர் பாத்துத்தான் தெரியுது அத்தை" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டாள்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. சித்ரான்னம் கிளறினேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, வீட்டுக் குழாயடியிலேயே கும்பிட்டோம்.

கோதண்டபாணி வந்தான். கட்சியிலிருந்து விளக்கம் கேட்பார்களாம். அடுத்த கூட்டத்துக்கு நான் போகாமல் இருந்தால் எல்லாம் அமுங்கிவிடுமாம். "உடம்பு சரியில்லன்னு சொல்லிருங்கம்மா. நீங்க இல்லாட்டிக்கூட தீர்மானத்தை வேற ஆள் முன்மொழியலாம்."

"எனக்கு உடம்புக்கு என்னய்யா? முட்டிதான வலிக்குது? நாக்கு நல்லாத்தான் இருக்கு."

அவன் போனதும் மகன் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஊரு முன்னால போலீசு என் தோள்ல கை வச்சுச்சு. பெத்த தாயே பாத்துக்கிட்டு நின்ன. எம்பேரு கெட்டுப்போச்சும்மா."

"உன் பேரா? ஓட்டு மிஷின்ல இருந்தது எம்பேருடா."

"அப்ப அந்தப் பேரையே வச்சுக்க. நான் இனிமே ஆபீசுக்கும் போக மாட்டேன், இந்த வீட்டுலயும் இருக்க மாட்டேன். நாளைக்கு எவனாவது வந்து சாக்கடை அடைச்சிருக்குன்னு கத்துவான்ல, அப்ப தெரியும் உனக்கு."

சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். சித்ரான்னத்தைத் தொடவில்லை. அவனுக்கு என்று எலுமிச்சைச் சோறு தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதை மூடி வைத்தேன், சாயங்காலம் திறந்து பார்த்தேன், மறுபடி மூடினேன். கடைசியில் புளித்துப் போய்க் கொட்டினேன். அவன்மேல் எனக்குக் கோபம்தான். வேறு ஒன்றும் இல்லை.

ஆடி 20, செவ்வாய்

காலையில் ஆட்டோ வைத்து கிட்டங்கித் தெருவுக்குப் போனேன். பூட்டைத் திறந்துவிட்டார்கள், கதவு மாட்டிவிட்டார்கள். வாசலில் பெண்கள் கூட்டம். எனக்கு மாலை போடுவார்கள் என்று நினைக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வார்கள் என்று நினைத்தேன்.

சகாயமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராக என் முகத்துக்கு முன்னால் வந்தாள்.

"வாங்க கவுன்சிலரம்மா! தொறந்துட்டீங்க, சரி. தண்ணி எங்க? மோட்டாரும் இல்ல, தொட்டியும் காலி. ஆளுக்கு ஒரு குடம் வீட்டுலருந்து தூக்கிட்டு வர்றோம். பின்பக்கம் லைட்டும் எரியல. தொறந்து வச்சதும் உங்க வேலை முடிஞ்சுபோச்சா? ஓட்டு வாங்கத் தெரியுதுல்ல? இது யாரு பாக்குறது? மேயர்கிட்ட நல்லா சண்டை போடுறீங்களாம்ல, அந்த வாயை இங்கயும் கொஞ்சம் காட்டுங்க!"

பின்னாலிருந்து இன்னொருத்தி, "சாக்கடையும் அடைச்சிருக்கு! அதையும் சொல்லுடி!" என்று கத்தினாள். இன்னொருத்தி ரேஷன் கடையை இழுத்தாள். ஒருத்திக்கு முதியோர் பென்ஷன். எல்லாரும் ஒரே நேரத்தில், என் மூஞ்சிக்கு நேரே கையை நீட்டி நீட்டித் திட்டினார்கள். நான் ஜெயித்த நாளிலிருந்து என்னை ஒருத்தியும் இப்படித் திட்டினதில்லை. திட்டு முழுக்க என் மகனுக்குத்தான் போகும். என்னைப் பார்த்தால் அம்மாச்சி, சௌக்கியமா என்பார்கள், அதோடு சரி.

நானும் சும்மா விடவில்லை. "ஒவ்வொருத்தியா கத்துங்கடி, எனக்கு ரெண்டு காதுதான் இருக்கு!" என்று பதிலுக்குக் கத்தினேன்.

சகாயமேரி மகள் குடத்தோடு உள்ளே போனாள். வெளியே வந்தபோது அம்மாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, நின்றபடியே முழுவதும் குடித்தாள். பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அங்கேயிருந்தே இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "கவுன்சிலர் சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்மா" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! போனை அணைத்துவிட்டு ஆட்டோக்காரனிடம் வார்டு ஆபீசுக்கு விடச் சொன்னேன். அங்கே ஏற வேண்டிய படியெல்லாம் ஏறினேன்.